ரஷ்யா பக்கத்துத் தட்டு

பத்து காஜா, மலேசியா
18 மே 2025

மதீசன்,

நான் போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். இனியும் எடுக்க மாட்டேன். இதை ஆத்திரத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். நீங்கள் போனில் பேசினால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். வைத்த பிறகு யோசித்தால் நீங்கள் ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டீர்கள். வாட்சப் அதைவிட மோசம். நான் ஒரு பக்கத்துக்குக் கொட்டி வைத்தால் நீங்கள் 'ம்' என்று அனுப்புவீர்கள். அதனால் தாளில் எழுதுங்கள். ஒரு 'ம்' எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி ஜப்பானிலிருந்து அனுப்ப உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

நடந்ததை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சித்திரை வருடப் பிறப்பு கழிந்து, நீங்கள் லீவில் இருந்தபோது, உங்கள் அப்பாவும் அம்மாவும் ஈப்போவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெண் கேட்க வந்தோம் என்று சொல்லவில்லை. "சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள்" என்றார் உங்கள் அம்மா. எங்கள் தாமான் குடியிருப்புக்குச் சும்மா யாரும் வருவதில்லை. வந்தால் வழி தவறி வந்தவர்களாக இருப்பார்கள். அம்மா தேநீர் கலக்கி வைத்தார். உங்கள் அப்பா குடித்தார். உங்கள் அம்மா கோப்பையைத் தொடவே இல்லை. அவர்கள் போன பிறகு அம்மா அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு சிங்கில் ஊற்றினார். இந்த இடத்தில் இருந்த ரப்பர் தோட்டம் போய், வீடுகள் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. உங்கள் அம்மாவுக்கு நாங்கள் இன்னும் தோட்டத்து ஆட்கள்தான்.

அது எனக்குப் புதிதில்லை. உங்களைப் போன்ற சிலோன் தமிழர் வீடுகளில் இதெல்லாம் உண்டு என்று தெரிந்துதான் உங்களோடு பழகினேன். நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு வலித்தது. நான் வேலை செய்யும் கல் குவாரியில் வெடி வைத்தால் பக்கத்து வீடுகள் எவ்வளவு அதிர்கின்றன என்று அளக்கக் கருவியோடு வந்தீர்களே, அன்று ஒரு பாட்டியின் சுவரில் விரிசல் கண்டதற்காக என் மேனேஜரோடு அப்படிச் சண்டை போட்டீர்கள். அந்த ஆளைத்தான் எனக்குப் பிடித்தது.

உங்கள் அம்மாவிடம் பேசுங்கள். ஆவணிக்குள் முறையாக வந்து கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன்.

தினேஸ்வரி


நெமுரோ, ஹொக்கைடோ
2 ஜூன் 2025

தினேஸ்வரி,

உம்முடைய கடிதம் வந்தது. தமிழில் இவ்வளவு நீளமாகக் கையால் எழுதிப் பல வருடமாகிறது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

அம்மாவைப் பற்றி நீர் எழுதியது சரி. அவர் கெட்டவர் இல்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான். நான் பேசுகிறேன். சரியான நேரம் பார்த்துப் பேச வேண்டும்.

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீர் கேட்டதே இல்லை என்பதால் எழுதுகிறேன். நெமுரோ ஜப்பானின் கிழக்குக் கோடி. இதற்கும் வடக்கே, கடல் தாண்டி, ரஷ்யாவின் கம்சாத்கா இருக்கிறது. அங்கே எரிமலைகளும் கரடிகளும்தான் அதிகம், மனிதர்கள் கொஞ்சப் பேர். அந்த நிலத்துக்கு அடியில் நடப்பதைத்தான் எங்கள் நிலநடுக்க நிலையத்தில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல, பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. பசிபிக் கடலைச் சுமக்கிற தட்டு மேற்கே வந்து, ஆழமான ஒரு பள்ளத்தில் குனிந்து, கம்சாத்காவுக்கு அடியில் இறங்குகிறது. ஓராண்டுக்கு ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர்.

அது வழுக்கிக்கொண்டு இறங்கினால் ஒரு தொல்லையும் இல்லை. மேல்தட்டும் கீழ்த்தட்டும் உரசுகிற இடத்தில் சிக்கிக்கொள்கிறது. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலையில் சிக்குமே, அது மாதிரி. தள்ளுகிற கை தள்ளிக்கொண்டே இருக்கும், கதவு அசையாது. வெளியே இருந்து பார்க்கிறவன் ஒன்றும் நடக்கவில்லை என்பான். உண்மையில் மேலே உள்ள நிலம் வில் மாதிரி வளைந்துகொண்டே போகிறது. 1952இல் ஒரு தடவை விடுபட்டது. அன்று எழுந்த அலையில் குரில் தீவுகளின் வடக்கே ஒரு சிற்றூர் அழிந்தது. வெளியுலகத்துக்கு அரசு அந்தச் செய்தியையே நெடுநாள் விடவில்லை. அதன் பிறகு மறுபடியும் சிக்கிக்கொண்டது.

நம் பேராக் மாநிலத்தில் இந்தத் தொல்லை இல்லை. நாம் ஒரு தட்டின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறோம். ஈப்போவில் நிலம் அதிர்ந்தால் அது உம்முடைய குவாரியாகத்தான் இருக்கும்.

ஜூலையில் அம்மாவிடம் பேசுகிறேன்.

மதீசன்


பத்து காஜா
20 ஜூன் 2025

மதீசன்,

பசிபிக் கடலுக்கு ஒரு பக்கம், உங்கள் அம்மாவுக்கு மூன்று வரி. எண்ணிப் பார்க்காமலே தெரிகிறது.

நான் குவாரியில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறவள். சிக்கிய பாறையை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியும். சங்கு ஊதி, ஆட்களை விலக்கி, வெடி வைப்போம். சரியான நேரம் வரட்டும் என்று பாறையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டோம்.

இன்னொன்று. என்னை 'நீர்' என்று கூப்பிடுகிறவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். எங்கள் வீட்டில் நீர் என்றால் தண்ணீர். முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிடுகிறேன். இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

சன்னாசி மாமா, அம்மாவின் தம்பி, பாகான் செராயிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். பெயர் பவித்ரன். வயலில் நெல் அறுக்கும் மெஷின் வைத்திருக்கிறார். அதிகம் பேசவில்லை. எங்கள் வீட்டுத் தேநீரை இரண்டு கோப்பை குடித்தார். அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை அம்மாவிடம் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று தெரியவில்லை.

அடுத்த கடிதத்தில் பசிபிக் வேண்டாம்.

தினேஸ்வரி


நெமுரோ
31 ஜூலை 2025

தினேஸ்வரி,

இத்தனை நாள் பதில் எழுதவில்லை. அம்மாவிடம் இன்னும் பேசவில்லை, அதை எழுதக் கை வரவில்லை. பசிபிக் வேண்டாம் என்றீர், ஆனால் அதுதான் வந்துவிட்டது. செய்தியில் பார்த்திருப்பீர்.

நேற்றுக் காலை கம்சாத்காவில் 8.8 அளவு நிலநடுக்கம். நான் சொன்ன அதே கதவுதான் திறந்துகொண்டது. பத்து நாளைக்கு முன்பே அங்கே ஏழு அளவுக்கு மேல் ஒன்று வந்தது. அதையே பெரியது என்று நினைத்தோம். அது தட்டிப் பார்த்ததுதான் என்று இப்போது தெரிகிறது. எங்கள் நிலையத்தில் ஆட்டம் அதிகம் இல்லை. மேசையில் இருந்த தேநீர் மெல்ல அசைந்தது. ஆனால் நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் கருவி அறைக்கு ஓடினேன்.

அலை மூன்று மீட்டர் வரலாம் என்று எச்சரிக்கை வந்ததும் எல்லாரையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அபாயச் சங்கு விடாமல் ஊதியது. மண்டபம் நிறையச் சனம், பிள்ளைகள், கிழவிகள், நாய்கள். அங்கே நின்றபோது எனக்கு உம்மைத் தவிர யாரிடமும் பேசத் தோன்றவில்லை. அதனால் உம்முடைய கட்டளையை மீறிப் போன் செய்தேன். கடைசியில் இங்கே வந்த அலை இடுப்பளவுகூட இல்லை. குரிலில் துறைமுகத்துக்குள் கடல் ஏறிவிட்டது. சனத்தை முன்பே மேட்டுக்கு ஏற்றியிருந்தார்கள்.

உம்முடைய அம்மாதான் எடுத்தார். அவர் பயப்படக் கூடாது என்று சுருக்கமாகச் சொன்னேன். "தட்டு மாறிட்டுது அம்மா. பெரிய தட்டு. ரஷ்யா பக்கம். கனகாலமா எதிர்பார்த்ததுதான். இங்க எல்லாரும் நல்லா இருக்கிறம். தினேஸ்வரிக்குச் சொல்லிவிடுங்கோ" என்றேன். அவர் "நல்லா இருங்க தம்பி" என்று வைத்துவிட்டார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. நிலநடுக்கம் என்றால் யாருக்கும் பயம்தானே.

மதீசன்


பத்து காஜா
4 ஆகஸ்டு 2025

மதீசன்,

இதை எழுதும்வரை உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நீங்கள் எங்கள் வீட்டில் செய்துவைத்திருக்கும் காரியம் உங்களுக்குத் தெரியுமா என்றும் எனக்குத் தெரியாது.

புதன்கிழமை மலையில் வெடி. வெடி நாளில் போனை மேலே கொண்டுபோகக் கூடாது என்பதால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தால் அம்மா சமைக்கவில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது.

"மதீசன் தம்பி போன் பண்ணிச்சு. தட்டு மாத்தியாச்சாம்" என்றார்.

"எந்தத் தட்டும்மா?"

"எந்தத் தட்டா? பரிசத் தட்டுதான்லா. பெரிய தட்டாம். ரஷ்யா பக்கமாம். ரொம்ப நாளா எதிர்பார்த்துக்கிட்டு இருந்தாங்களாம். பின்னால ஒரே சத்தம், கல்யாண மண்டபம் மாதிரி. சங்கு வேற ஊதுறாங்க. ஒனக்குச் சொல்லிடச் சொல்லிச்சு. எப்படிம்மா வாய் வந்துச்சு அதுக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலில் இருந்த பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், நானும் நம்பினேன். சாயங்காலச் செய்தியில் கம்சாத்கா என்ற பெயரையும் படத்தையும் பார்க்கும்வரை நம்பினேன். அந்தச் சில மணி நேரத்துக்காக உங்களை மன்னிக்க எனக்கு நாளாகும்.

படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தால் அம்மா அடித்திருப்பார். "அம்மா, அது பூமித் தட்டு. பூமி அதிர்ந்திருக்கு" என்றேன். "பூமிக்கு ஏதுடி தட்டு? அந்தப் பையனுக்காகப் பொய் பேசாதே" என்றார். பரிசம் போடுவதைத் தட்டு மாற்றுவது என்று சொல்கிற வீட்டில் போன் செய்து தட்டு மாறிவிட்டது என்று சொன்னால் வேறு எப்படிக் கேட்கும்?

அதற்குள் சன்னாசி மாமா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போய், உங்கள் வீட்டு வாசலில் நின்று, "எங்க புள்ளைய ஏமாத்திட்டு ரஷ்யாக்காரிக்குத் தட்டு மாத்தினீங்களா" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறார். உங்கள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

ஆவணியில் பாகான் செராய்க்குச் சரி சொல்லிவிட வேண்டும் என்று அம்மா நிற்கிறார்.

நீங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டியது, 'நான் உயிரோடு இருக்கிறேன், தினேஸ்வரி எங்கே' என்பது. தட்டு எங்கேயாவது போகட்டும். உங்களுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தும், கை போனுக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

தினேஸ்வரி


நெமுரோ
14 ஆகஸ்டு 2025

தினேஸ்வரி,

உம்முடைய கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். எங்கள் வீடுகளில் நிச்சயதார்த்தம் என்போம், பொன்னுருக்கு என்போம். தட்டு மாற்றுவது என்ற பேச்சு எனக்கு வாயில் வராது. அன்று என் தலைக்குள் இருந்தது பசிபிக் தட்டு ஒன்றுதான். உம்முடைய அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும்.

ஆனால் கேளும். உம்முடைய மாமா வந்துபோய்ச் சில நாள் கழித்து அம்மா எனக்குப் போன் செய்து அழுதார். "வெள்ளைக்காரியைக் கொண்டுவந்து என்ர மருமகள் எண்டு எப்படியடா சொல்லுவன்? அந்தப் பத்து காஜாப் பிள்ளை எவ்வளவோ பரவாயில்லை. தமிழாவது கதைக்கும்" என்றார். ரஷ்யாக்காரி என்று ஒருத்தி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். "சரி, அப்ப அவளையே போய்க் கேளுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று வருடமாக அசையாதது ஒரே நாளில் அசைந்திருக்கிறது, நான் ஏன் தடுக்க வேண்டும்? ஆவணியில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். நீர் ஒன்றும் சொல்ல வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு நான் மெல்லச் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. உமக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மதீசன்


பத்து காஜா
25 ஆகஸ்டு 2025

மதீசன்,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உங்கள் அப்பாவும் அம்மாவும் நேற்று வந்தார்கள்.

இந்தத் தடவை 'சும்மா வந்தனாங்கள்' இல்லை. காரிலிருந்து தட்டுகள் இறங்கின. வெற்றிலை பாக்கு, தேங்காய், கற்கண்டு, பிசாங் மாஸ் வாழைப்பழம் இரண்டு சீப்பு, ஒரு பட்டுச் சேலை. எங்கள் வழக்கத்தில் என்னென்ன வைப்பார்கள் என்று உங்கள் அம்மா ஈப்போ லிட்டில் இந்தியாவில் கடைக்காரரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். மேலே போர்த்திய துணிகூடச் சரியாக இருந்தது. அம்மா அந்தத் தட்டுகளைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் ஆவியாகப் போய்விட்டது. சன்னாசி மாமா சட்டையை மாற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

அம்மா தேநீர் வைத்தார். உங்கள் அப்பா குடித்தார். உங்கள் அம்மாவின் கோப்பை அப்படியே இருந்தது.

"நல்ல நேரம் போவுது. மாத்திடலாம்லா" என்றார் சன்னாசி மாமா. அம்மா தட்டை எடுக்கக் குனிந்தார். என் கண் கோப்பையை விட்டு நகரவில்லை. 'எவ்வளவோ பரவாயில்லை' என்று நீங்கள் சந்தோஷமாக எழுதி அனுப்பிய சொல் எனக்குள் கிடந்து குத்தியது. நான் யாரையும்விடப் 'பரவாயில்லை' என்பதற்காக ஒரு வீட்டுக்குள் போக மாட்டேன். இல்லாத ஒருத்தியைவிட என்றால் நிச்சயமாகப் போக மாட்டேன்.

"ஆன்ட்டி, ஒரு நிமிசம்" என்றேன். "ரஷ்யாக்காரின்னு யாரும் இல்ல. பூமிக்கு அடியில தட்டு இருக்கு, அது நகர்ந்து பூகம்பம் வந்துச்சு. அதைத்தான் மதீசன் போன்ல சொன்னாரு. எங்கம்மா பரிசத் தட்டுன்னு நெனச்சிட்டாங்க. நீங்க ரஷ்யாக்காரிக்குப் பயந்து வந்திருந்தா, தட்டை இப்பவே எடுத்துட்டுப் போயிடலாம். நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அம்மா தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சன்னாசி மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். உங்கள் அப்பா மட்டும் சிரிக்கத் தொடங்கினார். பேப்பரில் அந்தப் பூகம்பத்தைப் படித்திருக்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப ஒருத்தியும் இல்லையோ?"

"இல்ல ஆன்ட்டி."

"அவன் எனக்கு இல்லையெண்டு சொல்லேல்லையே."

"சொல்லல."

அவர் தட்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். கை தட்டுக்குப் போகும், எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தேநீரை எடுத்தார். அது ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு முழுவதையும் குடித்தார். கோப்பையை அம்மாவிடம் நீட்டினார்.

"சீனி கூடிப்போச்சு. அடுத்த தரம் குறைச்சுப் போடுங்கோ" என்றார்.

அம்மா சமையல்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

ஆனாலும் தட்டை மாற்றவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன், உங்கள் அம்மாவும் சரி என்றார். ஒரு பொய்யைத் தன் தலையில் ஏற்றிவிட்டு மகன் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்கும் பிடிக்கவில்லை. 'நீர் ஒன்றும் சொல்ல வேண்டாம்' என்று எழுதியிருந்தீர்களே, உங்கள் கடிதங்களில் எனக்குப் பிடிக்காத 'நீர்' அது ஒன்றுதான். உங்கள் அம்மா நகர்ந்தார். என் அம்மா நகர்ந்தார். சன்னாசி மாமாகூட உங்கள் அப்பாவோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்தார். நீங்கள் மட்டும் கருவியைப் பார்த்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள்.

பாகான் செராய்க்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆவணி முடிவதற்குள் ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும், அந்த மனிதரைக் காக்க வைப்பது நியாயமில்லை.

தட்டுகள் சாமி மேடைக்குக் கீழே, துணி போர்த்தியபடி இருக்கின்றன. எடுத்துப் போகிறேன் என்று உங்கள் அம்மா சொல்லவில்லை, எடுத்துப் போங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. சீனி குறைத்துத் தேநீர் போட அம்மா இப்போதே பழகிக்கொண்டிருக்கிறார், வீட்டில் ஒருவராலும் குடிக்க முடியவில்லை.

இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேர்வதற்குள் பழம் கறுத்துவிடும். பதில் எழுத வேண்டாம். போனும் வேண்டாம். வரும்போது பிசாங் மாஸ் இரண்டு சீப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

தினேஸ்வரி